கணக்குக் கொப்பி

பாரிஸில் மதியச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் நடுவே குசினியில் எனக்கு இரண்டு மணித்தியாலம் ஓய்வு. அப்போதுதான் கிளிநொச்சியிலிருந்து எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர் அக்கா கதைப்பார். 2009இல் கணவனை இழந்தவர். அவரைப் போன்ற பெண்கள் மாதாமாதம் நூறு ரூபா போட்டு, ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து, ஆடும் கோழியும் வாங்குகிற சங்கம் அது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார். (பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டவன் மீதும் ஊருக்கு இப்படியொரு நம்பிக்கை.)

எழுதி, தமிழில் வாசித்துக் காட்டினேன். "தம்பி, நாங்கள் உதெல்லாம் செய்யிறமோ?" என்றார். ஆட்டுக்கடனைத் 'தலைமைத்துவப் பயிற்சி' ஆக்கியிருந்தேன். அதற்குத்தான் அங்கே காசு இருந்தது. என் அகதி விண்ணப்பத்தையும் ஒருவர் இப்படித்தான் படிவத்துக்கு அளவாக வெட்டித் தந்தார். ஆனால் அது என் ஒருவனின் கதை. சங்கம் எழுதியபடி நடக்கத் தொடங்கினால், ஆடு வாங்கவிருந்தவள் வகுப்பில் போய்க் குந்தியிருப்பாள். இதை உதவி என்பதா?

படிவம் கணக்காய்வு அறிக்கையும் கேட்டது. அவர்களிடம் இருப்பது ஒரு சீ.ஆர். கொப்பி. கூட்டத்தில் உரத்து வாசிப்பார்கள். ஐம்பது ரூபா பிசகினாலும் சண்டை. தூரத்தில் இருப்பவனுக்கு அந்தச் சத்தம் கேட்காதுதானே. அவன் கடதாசி கேட்பதிலும் நியாயம் உண்டு.

பிரான்சில் 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு பேர் சேர்ந்தால் சங்கம். எங்கள் ஊருக்கு இங்கே இரண்டு சங்கங்கள். கணக்காய்வாளரின் கூலிக்காக இரண்டிலும் கேட்டேன். கோயில் கோபுரத்துக்கென்றால் தருவார்களாம். கோபுரத்தில் பெயர் பொறிக்கலாம்.

விண்ணப்பத்தை ஆடு, கோழி, கொப்பி என்று உள்ளபடி திருப்பி எழுதினோம். பதில் வரவில்லை. கூலியை என் சம்பளத்திலிருந்து அனுப்பினேன். அக்கா அதைக் கடன் என்று கொப்பியில் பதிந்து, கூட்டத்திலும் வாசித்திருக்கிறார்.