தராசும் தர்க்கமும்

சகோதரர்களே! வணிகர்களாகிய நமக்குத் தராசைப் பற்றி எவரும் புதிதாகப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பிறரிடம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போருக்குக் கேடுதான் என்ற எச்சரிக்கையோடு திருமறையின் 83-ஆவது அத்தியாயம் தொடங்குகிறது. நம் முன்னோர் இதைக் கடைவாசலிலேயே கற்றுக்கொண்டனர். ஆனால் ஒரு கேள்வி. அந்தக் கட்டளை அரிசிக்கும் மிளகுக்கும் மட்டுந்தானா? மார்க்கத்திற்காக வாதாடும்போது நாம் எடுத்து வைக்கும் நியாயங்களுக்கு அது பொருந்தாதா?

இக்கேள்வி நம் மனத்தில் சும்மா எழுந்ததன்று. சில காலத்திற்கு முன் நம் அன்பர் ஒருவரின் கடையில், இஷாத் தொழுகைக்குப் பின் அன்றைய கணக்கை முடித்துக்கொண்டிருந்த வேளையில், பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலும் அவருடைய மகன், "வாப்பா, பரிணாமக் கொள்கையைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டான். அவர் வாய் திறக்குமுன் நாமே முந்திக்கொண்டு, "அதை எழுதிய டார்வினே மரணப்படுக்கையில் மனம் வருந்தி, தாம் சொன்னதெல்லாம் பிழையென்று ஒப்புக்கொண்டாரே, தெரியாதா?" என்றோம். வாப்பாவும் தலையசைத்தார். விவாதம் முடிந்தது என்று மகிழ்ந்தோம். பையன் ஒன்றும் பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் மறுபடியும் வந்தான். "அந்தக் கதை உண்மையில்லை வாப்பா. தேடிப் பார்த்துவிட்டேன்" என்றான். பிறகு சற்றுத் தயங்கி, "சிறு வயதில் நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த மற்றவற்றையும் இப்படித்தான் விசாரிக்காமல் சொன்னீர்களா?" என்று கேட்டான். அந்தத் தகப்பனாரின் முகம் வாடியதை நாம் கண்டோம். டார்வின் அவர் உள்ளத்தில் உண்டாக்காத காயத்தை நம்முடைய பொய்ச்சரக்கு உண்டாக்கிவிட்டது.

பையன் சொன்னதே மெய். டார்வின் 1882-இல் காலமானார். மரணப்படுக்கைக் கதையோ 33 ஆண்டுகள் கழித்து, 1915-இல், அமெரிக்கக் கிறிஸ்தவப் பத்திரிகையொன்றில் வெளிவந்தது. தந்தையின் இறுதி நேரத்தில் உடனிருந்த மகள் ஹென்ரியெட்டா, அவர் தம் கொள்கையை ஒருபோதும் திரும்பப் பெறவில்லை என்று 1922-இல் எழுத்து மூலம் மறுத்துவிட்டார். மாதிரி பார்க்காமல் ஒரு மூட்டை வெங்காயம் வாங்க மாட்டோம். இக்கதையை மட்டும் கேட்ட மாத்திரத்தில் வாங்கிப் பிள்ளைகளுக்கும் விற்றுவிட்டோம்!

நிற்க. இவ்விவாதம் எங்கோ ஐரோப்பாவில் பிறந்தது, நமக்கு அதில் என்ன சம்பந்தம் என்று கேட்போருமுண்டு. அது நம் கடைத்தெருவின் வழியாகவே சென்றது என்பதை அவர்கள் அறியார்கள் போலும். டார்வினோடு இக்கொள்கையைக் கண்டவர் என்ற பெருமைக்குரிய ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலேஸ் 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் வந்திறங்கினார். 1826-இல் நிறுவப்பட்ட நம் சூலியா பள்ளிவாசல் அப்போதே சௌத் பிரிட்ஜ் சாலையில் இருந்தது. புக்கித் தீமாக் காடுகளில் ஏறக்குறைய 2 மாதங்களில் 700 வகை வண்டுகளை அவர் சேகரித்தார், மலாக்காவுக்கும் சென்றார். பின்னர் இத்தீவுகளிலிருந்து அவர் அனுப்பிய கட்டுரை, டார்வினின் எழுத்துகளோடு சேர்த்து 1858 ஜூலை 1-ஆம் நாள் லண்டனில் வாசிக்கப்பட்டது.

அவர் 1869-இல் வெளியிட்ட மலாய்த் தீவுக்கூட்டம் பற்றிய நூலில் சிங்கப்பூர்க் கடைக்காரர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். தென்னிந்தியக் கடைக்காரர்கள் தாங்கள் வாங்கிக்கொள்ளச் சம்மதிக்கும் விலையைப்போல் இரண்டு மடங்கைத்தான் பெரும்பாலும் முதலில் கேட்பார்களாம்! படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. கொஞ்சம் வெட்கமும் வருகிறது. கடையில் அந்தப் பழக்கம் போயிருக்கலாம். வாதத்தில் போயிற்றா?

பாருங்கள்: "குரங்கு மனிதனாக மாறியதாம், அப்படியானால் இன்றைய குரங்குகள் ஏன் மாறவில்லை?" என்று கேட்டுக் கைதட்டு வாங்குகிறோம். இன்றைய குரங்குக்கும் மனிதனுக்கும் மிகப் பழைய காலத்தில் பொதுவான மூதாதை இருந்தது என்பதே அக்கொள்கை. அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டி வெல்வது வெற்றியாகாது. "அது வெறும் ஊகந்தானே" என்கிறோம். விஞ்ஞானிகள் கொள்கை என்று சொல்வது வாய்க்கு வந்த ஊகத்தையன்று; பூமியில் புதைந்து கல்லான எலும்புகளும், உயிர்களின் மரபணுக்களும் தரும் சான்றுகளை வைத்தே அவர்கள் பேசுகிறார்கள். "இவையெல்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் ஜாஹிஸ் சொன்னவை" என்று பெருமை பேசுகிறோம். 9-ஆம் நூற்றாண்டின் பஸ்ரா அறிஞரான ஜாஹிஸ், உயிர்கள் ஒன்றையொன்று உண்டு வாழ்வதைத் தம் 'கிதாபுல் ஹயவான்' நூலில் அருமையாக விவரித்தார். அது அவருக்குப் போதுமான புகழ். டார்வினின் முழுக் கொள்கையும் அதில் உண்டென்பது இரட்டிப்பு விலை.

வாலேஸே மனித அறிவின் தோற்றத்திற்கு இயற்கைத் தேர்வு மட்டும் போதாது, மேலான ஒரு சக்தி வேண்டும் என்று பிற்காலத்தில் கருதினார். இது நமக்கு இனிக்கிறது. ஆனால் பிற விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் எடை சரியாகும்.

நாத்திகர்களின் தராசு மட்டும் நேராக இருக்கிறதா என்று கேட்பீர்கள். பெரியார் ஈ.வெ.ரா. 1929-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்த காலந்தொட்டு இவ்வாதங்கள் நம் தமிழர் மேடைகளுக்குப் புதியனவல்ல. "ஆண்டவன் இல்லையென்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது" என்று ஒருவர் முழங்கினால் அதுவும் கள்ள எடைதான். உயிர்கள் எவ்வாறு மாறின என்பதை ஆராயும் கலை, அனைத்தும் ஏன் உள்ளன என்ற கேள்விக்கு விடை எழுதவில்லை. ஆண்டவனை உறுதியாக நம்பும் ஒருவர் பரிணாமத்தையும் ஏற்கலாம் என்று டார்வினே 1879-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். தாம் ஒருபோதும் ஆண்டவனை மறுக்கும் நாத்திகராக இருந்ததில்லை என்றும் அதில் குறித்தார். ஆனால் எதிர்க்கடைக்காரன் குறைத்து நிறுக்கிறான் என்பது நாமும் குறைத்து நிறுக்க அனுமதியாகாது. ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்யக்கூடாது என்பது மறையின் கட்டளையன்றோ?

இதற்கு நம்மிடம் ஒப்பற்ற முன்மாதிரி உண்டு. நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் குழந்தைப் பருவத்தில் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. வானமே துக்கம் கொண்டாடுகிறது என்று மக்கள் பேசினர். மௌனமாக இருந்திருந்தாலே போதும்; மக்களின் பக்தி இன்னும் பெருகியிருக்கும். புத்திரசோகத்தின் நடுவிலும் அவர்கள் மௌனமாக இருக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். எவர் இறந்தாலும் பிறந்தாலும் அவற்றிற்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று எடுத்துரைத்தார்கள். தமக்குச் சாதகமான பொய்யைத் தாமே மறுத்த அந்த வாய்மையல்லவா நம் ஈமானுக்கு ஆதாரம்! கணக்கிட்டு நிரூபித்த கிரகண விதிகளை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்திற்கே தீங்கு செய்கிறான் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் தம் 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா' நூலின் முன்னுரையில் எச்சரித்தார்கள்.

கிரகணமும் மனிதப் படைப்பும் ஒன்றாகுமா என்று கேட்டால், ஒன்றல்ல என்பதே நம் பதில். ஆதம் (அலை) அவர்களைப் பற்றிய நம் நம்பிக்கை வஹீயின் வழி வந்தது. அதையும் விஞ்ஞானத்தையும் எவ்வாறு பொருத்துவது என்பதில் இன்றைய முஸ்லிம் அறிஞரிடையே ஒரே கருத்தில்லை. பரிணாமத்தை முற்றிலும் மறுப்போர் உளர். மற்ற உயிர்களுக்கு ஏற்று மனிதனுக்கு மட்டும் விலக்குக் கூறுவோர் உளர். இறைவன் படைக்கும் முறையே அதுவென்போரும் உளர். இக்கடினத்தை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவதே நேர்மை.

அப்பையனிடம் நாமே சென்றோம். "தம்பி, அன்று நாம் சொன்னது தவறு. விசாரிக்காமல் சொல்லிவிட்டோம்" என்றோம். அவன் வாப்பாவும், "எடை குறைந்துவிட்டால் வாடிக்கைக்காரரைக் கூப்பிட்டு மீதியைக் கொடுப்போமில்லையா? அதுபோல் வைத்துக்கொள். இந்த விஷயத்தில் எனக்கும் தெரியாதது நிறைய இருக்கிறது, நீ படித்ததைச் சொல், ஆலிம்களிடமும் கேட்போம்" என்றார். பையன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அன்றிரவு கடை மூட வெகு நேரமாயிற்று.

வல்ல நாயன் நம் தராசையும் நாவையும் நேராக்கி வைப்பானாக! ஆமீன்.