பள்ளிக்கூடம் நின்றது, பத்தாம் தரம் நிற்க வேண்டாம்!

"ஒம்பதோட நிண்ட புள்ளைக்கு இனி ஓ.எல் எங்க?" என்று யாரோ கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்கே நீ கொப்பியை மூடிவிட்டாய். மகளே, மகனே, இப்போது என் கேள்விக்குப் பதில் சொல். உன் விடைத்தாளைத் திருத்தப்போகிற ஆசிரியருக்கு நீ கல்முனையில் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்று தெரியுமா? நீ வகுப்பறையில் படித்தாயா, குசினி மூலையில் பாய் விரித்துப் படித்தாயா என்று தெரியுமா? அவர் கையில் இருப்பது ஒரு சுட்டெண்ணும் நீ எழுதிய விடையும் மட்டும்தான். பாடசாலைப் பரீட்சார்த்திக்குக் கொடுக்கும் அதே வினாத்தாளைத்தான் உன்னைப் போல் வெளியில் இருந்து எழுதும் தனியார் பரீட்சார்த்திக்கும் கொடுக்கிறார்கள். சித்தியடைந்தால் சான்றிதழைத் தருவதும் அதே பரீட்சைத் திணைக்களம்தான்.

நீங்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். குர்ஆனை மனனம் செய்ய மத்ரஸாவுக்குப் போய், ஹாபிழாகத் திரும்பி வந்து, வயதொத்தவர்கள் பதினோராம் தரத்தில் இருப்பதைப் பார்த்து ஒதுங்கி நிற்கிற மகன். உம்மா வெளிநாட்டுக்குப் போனதால் தம்பி தங்கச்சியைப் பார்க்க வீட்டில் நின்றுவிட்ட மகள். வாப்பாவோடு கட்டாரில் இருந்துவிட்டு நடுவருடத்தில் ஊருக்கு வந்தவர். காய்ச்சலில் ஆறு மாதம் படுத்தவர். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று எந்த ஊரை எடுத்தாலும் நீங்கள் இருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று: 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று இந்த நாட்டில் 2016இல் சட்டவிதி வந்தது. அதனால் உனக்கு வயது இருந்தால், உன் பழைய பள்ளிக்கூடத்துக் கதவைப் போய்த் தட்டு. இடம் கேள். சட்டம் உன் பக்கம் நிற்கிறது. அந்தக் கதவு திறக்கப் பிந்தினாலும், வயது கடந்துவிட்டிருந்தாலும், உன் பத்தாம் தரத்தை வீட்டில் இன்றே தொடங்கு. காத்திருப்பது படிப்பாகாது.

பாடத்திட்டம் அதிபரின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது என்று நினைக்கிறாயா? அது மக்களின் சொத்து. 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1980இல் இலவசப் பாடநூல் வந்தது. இன்று தரம் 10 பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழில் கிடக்கின்றன. எந்தப் பாடத்தை எத்தனை பாடவேளையில், என்ன வரிசையில் படிப்பிக்க வேண்டும் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லும் வழிகாட்டி நூல்களை மகரகம தேசிய கல்வி நிறுவகம் வெளியிடுகிறது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் பாடங்கள் இருக்கின்றன. ஆசிரியர் எதைப் பார்த்து வகுப்பைத் திட்டமிடுகிறாரோ, அதையே நீயும் பார்த்துத் திட்டமிடலாம். கையில் போன் இல்லையா? பக்கத்து வீட்டில் இப்போது பதினோராம் தரத்துக்குப் போன ராத்தாவிடம் பழைய புத்தகத்தைக் கேட்டு வாங்கு. கேட்பதில் வெட்கம் வேண்டாம். படிக்காமல் இருக்கத்தான் நீ வெட்கப்பட வேண்டும்.

ஓ.எல்லுக்கு ஒன்பது பாடம். கட்டாயமாக ஆறு, தெரிவாக மூன்று. ஒன்பதையும் ஒரே நாளில் தூக்காதே. ஏ.எல்லுக்குப் போக ஆறு பாடம் சித்தி வேண்டும். அதில் தாய்மொழியும் கணிதமும் கட்டாயம். மூன்றில் திறமைச் சித்தி வேண்டும். இந்த விதிதான் உன் நேர அட்டவணையின் எலும்பு. மருதமுனைத் தறியில் பாவு நூலை இறுக்கிக் கட்டாமல் யாரும் ஊடை போடுவதில்லை. உனக்குத் தமிழும் கணிதமும் பாவு. அவை தளர்ந்தால் மற்ற ஏழு பாடங்களையும் எதில் நெய்வாய்?

கணிதத்தில் நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுகிறார்கள். பத்தாம் தரக் கணிதம் கடினம் என்று புலம்புகிறவனின் கொப்பியை விரித்துப் பார். அவன் தடுக்கியது ஏழாம் தரத்துப் பின்னத்தில். எட்டாம் தரத்து அட்சரகணிதத்தில். அதனால் முதல் ஆறு வாரம் பத்தாம் தரப் புத்தகத்தைத் தொடாதே. ஏழு, எட்டு, ஒன்பதாம் தரப் பயிற்சிகளை எடு. பின்னம், சதவீதம், எளிய சமன்பாடு, கோணங்கள். சுபஹ் தொழுத கையோடு ஒரு மணித்தியாலம், தினமும். பிறகு இருபடிக் கோவையின் காரணி வரும், மடக்கை வரும், தொடைகள் வரும், கூட்டல் விருத்தி வரும். வரட்டும்! அடித்தளம் உறுதியானவனை அவை என்ன செய்யும்? பரீட்சையின் முதல் வினாத்தாளில் தலா 2 புள்ளிக்கு 25 சிறுவினாக்கள். மொத்தப் புள்ளியில் கால்வாசி அங்கேயே இருக்கிறது. அவற்றில் பலவும் கீழ் வகுப்புகளின் அடிப்படையைத் தொடுகிறவை.

பின்னம் நமக்கு அந்நியமான சரக்கா? ஒருவர் மௌத்தாகி, மனைவியும் ஒரு மகனும் இரண்டு மகள்மாரும் இருந்தால், மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி எட்டில் ஏழு. மகனுக்கு இரண்டு பங்கு, மகள்மாருக்கு ஒவ்வொரு பங்கு என்று அதை நான்காகப் பிரி. மகனுக்குப் பதினாறில் ஏழு, ஒவ்வொரு மகளுக்கும் முப்பத்திரண்டில் ஏழு. எல்லாவற்றையும் கூட்டு, ஒன்று வரும். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல்குவாரிஸ்மி, வாரிசுப் பங்குக்கும் வியாபாரத்துக்கும் காணி அளவைக்கும் உதவத்தான் தன் அட்சரகணித நூலை எழுதினார். உன் குடும்பத்தில் நடக்கிற பேச்சுக்குள்ளேயே இருக்கிற கணக்கு இது. "எனக்கு மூளை இல்லை" என்று இனி உன் வாயால் சொல்லாதே!

விஞ்ஞானத்துக்கு ஆய்வுகூடம் எங்கே என்று கேட்பாய். பிளாஸ்ரிக் போத்தலில் மேலும் கீழுமாக மூன்று துளை போட்டு நீர் நிரப்பு. கீழ்த்துளை நீர் அதிக விசையோடு பாய்வதைப் பார்த்துவிட்டு, திரவ அமுக்கப் பாடத்தைத் திற. கிணற்று நீரில் அமிழும் முட்டை, உப்பைக் கரைக்கக் கரைக்க மிதப்பதைப் பார்த்து அடர்த்தியைப் படி. கரைக்கு இழுக்கும் தோணிக்கடியில் ஏன் உருளைக் கட்டை போடுகிறார்கள் என்று கடற்கரையில் நின்று பார்; உராய்வு மறக்காது. வரலாற்றில் புராதன நீர்ப்பாசனம் வரும். நம் வட்டைக்குத் தண்ணீர் தரும் சேனநாயக்க சமுத்திரம் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் எழுந்தது. பண்டைய பொறியியலாளர்கள் குளத்துக்கு அணைகட்டி மதகு வைத்த திறமையை அதோடு ஒப்பிட்டுக் குறிப்பெழுது. ஆங்கிலத்துக்கு நாளுக்கு ஐந்து வசனம், சத்தமாக.

தெரிவுப் பாடங்களில் புத்தியாக இரு. ஓதி வந்த மகனுக்கு அரபு இலக்கிய நயம் இருக்கிறது. அந்த வருடங்கள் வீணாகவில்லை, புள்ளியாக மாறும். வாப்பாவின் கடையில் நிற்பவனுக்கு வணிகமும் கணக்கீடும். செய்முறைப் பரீட்சை உள்ள பாடத்தை, சொல்லித்தர ஆள் இல்லாமல் எடுக்காதே.

வருடத்தை இந்த மண்ணின் பருவத்துக்கு ஏற்ப வெட்டு. கார்த்திகை, மார்கழியில் மழை கொட்டும், வெள்ளம் வரும், கரண்ட் போகும். அந்த வாரங்களுக்குப் புதுப் பாடம் வைக்காமல் மீட்டலை வை. புத்தகங்களைப் பொலித்தீனில் சுற்றி உயரத்தில் வை. நோன்பு மாதத்தில் கணிதம் ஸஹருக்குப் பிறகு, வாசிப்பு அஸருக்கு முன். மாதக் கடைசிச் சனிக்கிழமை கடந்தகால வினாத்தாள் ஒன்றை மணிக்கூட்டை வைத்து எழுது. பாதிதான் தெரிந்தாலும் நேரம் முடியும்வரை எழும்பாதே.

இந்தக் கரை எத்தனை அடி வாங்கியது! 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிரைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். அதற்குப் பிறகும் பிள்ளைகள் கூடாரத்துக்குள் இருந்து படித்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் நாடே பள்ளிக்கூடத்தைப் பூட்டியபோது எல்லா வீடும் வகுப்பறையானது. காரைதீவை நினைத்துப் பார். சாய்ந்தமருதைத் தாண்டினால் வரும் அந்த ஊரில் 1892இல் பிறந்த மயில்வாகனம், கொழும்பில் விஞ்ஞானம் படித்து டிப்ளோமா வாங்கிய அதே 1916இல், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். பிறகு ஆசிரியராக வேலை செய்துகொண்டே லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. அவர்தான் விபுலாநந்த அடிகள். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். லண்டன் அவரைத் தேடி வரவில்லை. அவர் இங்கேயே இருந்து படித்துத்தான் அந்தப் பட்டத்தை எடுத்தார்.

உம்மாமாரே, வாப்பாமாரே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மகள் புத்தகம் விரிக்கிற நேரத்தில் "மீன ஆஞ்சி வை" என்று கூப்பிடாதீர்கள். அந்த இரண்டு மணித்தியாலம் அவளுடையது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணியை நீங்களே ஊற்றிக் கொடுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் மாலையில் அவளை முன்னால் இருத்தி, "இண்டைக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லித் தா" என்று கேளுங்கள். தெரியாதவருக்கு விளங்கச் சொல்லும்போதுதான் படித்தது அவளுக்கே தெளியும். சம்பந்தம் பேச வருகிறவர்கள் வருவார்கள். பரீட்சை முடியட்டும் என்று வாசலிலேயே சொல்லுங்கள்.

மகளே, மகனே, அடையாள அட்டையை 15 வயது நிறைந்ததும் கிராம உத்தியோகத்தர் வழியாக விண்ணப்பித்து எடுத்து வை. பள்ளிக்கூடத்தில் இருந்தால் அதிபர் பார்த்துக்கொள்வார். உனக்கு நீதான் அதிபர். தனியார் பரீட்சார்த்திகளுக்கான அறிவித்தல் வரும்போது திகதியைத் தவறவிடாதே. இன்று மஃரிபுக்குப் பிறகு ஏழாம் தரக் கணிதப் புத்தகத்தைத் தேடி எடு. எந்தப் பக்கத்தில் முதலில் தடுக்குகிறாயோ அந்தப் பக்கத்தை மடித்துக்கொள். உன் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற கணித சேரோ டீச்சரோ ஒருவர் இருப்பார். நாளைக்கு அஸருக்குப் பிறகு அவர் கேற்றைத் தட்டி, மடித்த பக்கத்தை விரித்துக் காட்டு. "சேர், எனக்கு இந்தக் கணக்கு விளங்கல்ல, நான் ஓ.எல் எடுக்கப் போறன்" என்று சொல்.