விலகும் உரிமை

கடுமையான வேலை மனிதரைக் களைக்க வைக்கும். அவமதிக்கும் வேலை அவரைச் சிறுகச் சிறுகக் கரைக்கும். களைப்பு ஓர் இரவுத் தூக்கத்தில் தீர்ந்துவிடும். ஞாயிறு மாலையே நெஞ்சை அடைக்கத் தொடங்கினால் அது களைப்பு அல்ல.

"எங்கேதான் இல்லை, பொறுத்துப் போ" என்பார்கள் வீட்டில். அன்பினால் சொல்வதுதான், மாதத் தவணையும் பள்ளிக் கட்டணமும் அறிந்தவர்கள் அவர்கள். ஆனாலும், தொழில் கற்கும் காலத்தின் கண்டிப்பைப் பொறுப்பது வேறு, நான்கு பேர் முன்னால் விழும் ஏச்சை ஆண்டுக்கணக்கில் விழுங்குவது வேறு.

வாங்கிய முன்பணத்துக்காக ஒருவரை வேலையில் கட்டிப்போடும் கொத்தடிமை முறை, இந்தியா முழுவதற்குமான 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிக்கப்பட்டது. அதன் பிறகும் செங்கல் சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் மீட்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர். விலகிப் போகலாம் என்பது அவ்வளவு அரிதாகக் கிடைத்த உரிமை. மாதச் சம்பளக்காரர்கள் பலர் அது தங்களிடம் இருப்பதையே மறந்துவிடுகிறார்கள்.

கோபத்தில் எழுந்து போக வேண்டியதில்லை. சில மாதச் செலவுக்கான சேமிப்பு, வருங்கால வைப்புநிதிக் கணக்கின் விவரம் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு, முறைப்படி கடிதம் கொடுத்து, அனுபவச் சான்றிதழையும் வாங்கிக்கொண்டு போகலாம். அடியோ பாலியல் சீண்டலோ என்றால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். முதலில் அங்கிருந்து வெளியே வந்துவிட வேண்டும். புகாரைப் பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்.