காக்கும் சட்டமும் விலை கொடுக்கும் கையும்

புலியைக் கொல்லாதே என்று ஒரு நாட்டின் சட்டம் ஆணையிடும்போது, அது யாருக்காகப் பேசுகிறது? திருடாதே என்னும் சட்டத்தின் பின்னால் பொருளை இழந்தவன் ஒருவன் நிற்கிறான். கொலை செய்யாதே என்னும் சட்டத்தின் பின்னால் மாண்டவனின் குடும்பம் நிற்கிறது. அவர்கள் மன்றத்திற்கு வந்து முறையிடுவர். புலி வந்து முறையிடுவதில்லை. தன் பெயரால் ஒரு சட்டம் இருப்பதையும் அது அறியாது. ஆயினும் மலேசியாவில் புலியைக் கொன்றவன் சிறை செல்ல வேண்டியவனாகிறான். இதன் அறவடிப்படை யாது என்பது எண்ணிப் பார்க்கத்தக்க வினாவாகும்.

இவ்வினாவுக்குப் பொதுவாகக் கூறப்படும் விடைகள் இரண்டு. காடு அழிந்தால் ஆறு வற்றும், மலைச் சரிவில் மண் நிலைக்காது. ஆகவே மனிதன் தன்னலம் கருதியேனும் காட்டையும் அதில் வாழும் உயிர்களையும் காத்தல் வேண்டும் என்பது ஒன்று. மனிதனுக்குப் பயன்பட்டாலும் படாவிட்டாலும் ஓர் உயிர் வாழும் உரிமை உடையது என்பது மற்றொன்று. கொல்லாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்த திருக்குறளைக் கற்ற தமிழர்க்கு இரண்டாம் விடை புதிதன்று. கடமை அறியாத விலங்குக்கு உரிமை எங்ஙனம் வரும் என வினவுவோரும் உளர். தொட்டிலில் கிடக்கும் குழவிக்கும் கடமை ஏதும் இல்லை. அதனால் அதன் உரிமையை எவரும் மறுப்பதில்லை அன்றோ?

முதல் விடை கேட்பதற்கு எளிது; ஆட்சியாளரும் அதையே விரும்பிக் கூறுவர். ஆனால் அது நெடுந்தூரம் வராது. மலேசியாவில் எஞ்சியிருந்த கடைசிச் சுமாத்திராக் காண்டாமிருகங்களில் 'தாம்' என்னும் ஆண் 2019ஆம் ஆண்டு மே மாதத்திலும், 'இமான்' என்னும் பெண் அதே ஆண்டு நவம்பரிலும் சபாவில் இறந்தன. அவ்வினம் மலேசிய மண்ணிலிருந்து அற்றுப்போயிற்று. அதற்காக எவர் வீட்டு அடுப்பும் அணைந்துவிடவில்லை. பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் அன்று ஏதும் இழக்கப்படவில்லை என்றே கூற நேரும். அங்ஙனம் கூற மனம் ஒப்பவில்லை என்றால், மனிதன் தன் பயனுக்கு அப்பாலும் ஏதோ ஒரு கடன் தனக்கு உண்டு என்பதை உள்ளூர ஒப்புக்கொண்டவனாகிறான்.

அக்கடனைச் சட்டம் எவ்வாறு நிறைவேற்றி வந்துள்ளது? தீபகற்பத்தின் கதை சுவையானது. தொடக்கத்தில் யானையையும் செலடாங் எனப்படும் காட்டெருதையும் வேட்டையாடி, அதுபற்றி நூலும் எழுதிய தியோடர் ஹப்பேக் என்னும் ஆங்கிலேயரே பிற்காலத்தில் அவற்றின் காவலராக மாறினார். வேட்டைக்காரர் காவலரானது வியப்பன்று. தடம் பார்த்துப் பழகிய கண்ணே தடம் குறைவதையும் முதலில் காணும். அவர் பொறுப்பில் அமைந்த வனவிலங்கு ஆணைக்குழுவின் அறிக்கை 1932இல் வெளிவந்தது. பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலச் சுல்தான்களின் இசைவோடு, 1930களின் இறுதியில், இன்று தாமான் நெகாரா என வழங்கும் பூங்கா ஒதுக்கப்பட்டது. அதன் பரப்பு 4,343 சதுரக் கிலோமீட்டர்.

விடுதலைக்குப்பின் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி புலியைக் கொன்றவனுக்கு மிகுதியாக விதிக்கக்கூடிய தண்டம் 15,000 வெள்ளி. அதன் இடத்தில் வந்த 2010ஆம் ஆண்டுச் சட்டம், தண்டம் 100,000 வெள்ளிக்குக் குறையலாகாது, 500,000 வெள்ளி வரை போகலாம், அதனோடு சிறையும் உண்டு என்றது. 2022இல் செய்யப்பட்ட திருத்தம் உச்சத் தண்டத்தைப் பத்து இலட்சம் வெள்ளிக்கும், சிறையைப் பதினைந்து ஆண்டுக்கும் உயர்த்தியது. சபாவும் சரவாக்கும் தமக்கெனத் தனிச் சட்டங்கள் கொண்டுள்ளன. இவ்வாறு தண்டம் ஏறிக்கொண்டே வர, புலியின் தொகை இறங்கிக்கொண்டே வந்தது. 1950களில் ஏறத்தாழ 3,000 புலிகள் இருந்திருக்கலாம் என மதிப்பிடப்பட்ட காட்டில், 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பு 150க்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன என்று கண்டது. நாட்டின் சின்னத்தில் இரு புலிகள் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றுக்கு இடம் பிரச்சினையாக இருந்ததில்லை.

காட்டிலிருக்கும் புலிக்கோ இடமே பிரச்சினை. கண்ணி வைக்கும் கள்ள வேட்டைக்காரனைச் சட்டம் குற்றவாளி என்கிறது, அது முறையே. ஆனால் புலியின் உறைவிடத்தை முறைப்படி உரிமம் பெற்று வெட்டி வீழ்த்துபவன் எக்குற்றமும் செய்தவன் அல்லன். மலேசியாவின் அரசியலமைப்பில் வனவிலங்குப் பாதுகாப்பு, கூட்டரசும் மாநிலங்களும் இணைந்து பொறுப்பேற்கும் பட்டியலில் உள்ளது. நிலமும் காடும் மாநிலப் பட்டியலில் உள்ளன. விலங்கு ஒரு கையில், அது நிற்கும் நிலம் மறு கையில். மரத்தாலும் நிலத்தாலும் வருவாய் தேட வேண்டிய நிலையிலுள்ள ஒரு மாநிலத்தை முழுவதும் பழிப்பதும் நேர்மையாகாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. நிரந்தரக் காப்புக்காடு என ஏட்டில் பதியப்பட்ட நிலத்தில் பழைய மரங்களை வெட்டிவிட்டு, ஒரே வகை இரப்பர் மரத்தை வரிசையாக நட்டாலும், ஏட்டில் அது காப்புக்காடாகவே தொடரக்கூடும். பெயர் மாறவில்லை, பன்றியும் மானும் புலியும் மட்டும் அங்கே முன்போல் வாழ முடிவதில்லை. ஒருவனைக் கொல்லமாட்டேன் என்று வாக்களித்துவிட்டு, அவன் வீட்டையும் சோற்றையும் பறித்துக்கொள்பவன் தன் வாக்கைக் காத்தவன் ஆவானா?

இங்கேதான் சிபியின் கதை நினைவுக்கு வருகிறது. சோழர் தம் முன்னோன் எனப் போற்றிய அம்மன்னனிடம் புறா அடைக்கலம் புகுந்தது. துரத்தி வந்த பருந்தோ, தன் இரை தனக்கு வேண்டும் என வழக்குரைத்தது. இக்கதையைக் கூறுவோர் அரசனின் அருளையே பெரிதும் பாராட்டுவர். ஆனால் அதன் நுட்பம் வேறிடத்தில் உள்ளது. பருந்தின் வழக்கும் நியாயமானது என்பதைச் சிபி மறுக்கவில்லை. துலாக்கோலின் மறுதட்டில் தன் தசையையே அரிந்து வைத்தான். ஒரு காவலாளியை அழைத்து அவன் தசையை அரிந்து வைத்திருந்தால் புறா பிழைத்திருக்கும், பருந்தும் பசியாறியிருக்கும். அச்செயலை அறம் என்று எவரும் பாடியிருக்கமாட்டார்.

இன்று யானையையும் புலியையும் காக்கும் துலாக்கோலில் யாருடைய தசை வைக்கப்படுகிறது? காட்டோரத்துச் சிறுதோட்டக்காரனின் வாழையும் செம்பனங்கன்றும் ஓர் இரவில் யானைக்கூட்டத்தின் காலடியில் முடிந்துபோகின்றன. அவ்விழப்பை ஈடுசெய்வது பற்றி 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் விதியில்லை. கிளந்தான் மாநிலத்துக் குவா மூசாங் வட்டாரத்தில் 2023இல் புலி தாக்கி மனிதர் சிலர் மாண்டனர். மாண்டவர் நகரத்து மாளிகைவாசிகள் அல்லர். காட்டோரத்தில் உடலுழைத்துப் பிழைத்தவர்கள். ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடியினர், குறிப்பிட்ட சில விலங்குகளைத் தம் குடும்பத்தின் உணவுக்காக மட்டும் வேட்டையாடச் சட்டம் இசைகிறது. அந்த அளவில் அது பரிவுடைய விதிதான். எனினும் காடு வெட்டப்பட்டபின் அந்த இசைவு எதற்குப் பயன்படும்?

ஒரு காலத்தில் இந்நாட்டின் பெருங்காடுகள் இரப்பர்த் தோட்டங்களாக மாறியபோது அங்கே வியர்வை சிந்தியவர்களில் தமிழர் பெருந்தொகையினர். விடியுமுன் பால் வெட்டச் சென்றவர்க்குப் புலியச்சம் கதையன்று. நிலம் அவர்களுடையதன்று, அதன் ஆதாயமும் அவர்களைச் சேரவில்லை. எனவே காட்டை அழித்தவன் மனிதன், மனிதனே ஈடுசெய்யட்டும் என்று பொத்தம்பொதுவாகப் பேசுவது பிழையாகும். அழிவால் மிகுதியாகப் பெற்றவனே மிகுதியாகத் தரக் கடமைப்பட்டவன். இதை ஏற்றுக்கொள்ளாத சட்டம், காட்டோரத்து ஏழையின் கண்ணில் யானைக்காக எழுதப்பட்ட சட்டமாகவே படும்; கண்ணி வைப்பவனைக் கண்டாலும் அவன் வாய் திறவான்.

யானைகளைப் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுசெல்லும் பணி 1974 முதல் தீபகற்பத்தில் நடைபெறுகிறது. கும்கி யானைகளின் துணையோடு செய்யப்படும் அவ்வரும்பணியில் ஈடுபடுவோரின் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் கொண்டுவிடப்படும் காட்டுக்கும் ஓரம் உண்டு. அவ்வோரத்திலும் தோட்டக்காரர் உண்டு.

தசையை அரிவோர் மாறத் தொடங்கியதற்கு ஓர் அடையாளம் அண்மையில் தென்பட்டுள்ளது. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு பணம் வழங்கும் ஏற்பாடு 2019ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 6 கோடி வெள்ளியுடன் தொடங்கியது. 2025ஆம் ஆண்டுக்கு அத்தொகை 25 கோடி வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நகரத்தார் செலுத்தும் வரியும் அதில் அடக்கம். வெட்டாமல் விட்ட மரத்துக்கும் விலையுண்டு என அரசு ஒப்புக்கொண்டது சிறிய செய்தியன்று. ஆனால் அப்பணம் செல்வது மாநிலக் கருவூலத்திற்கு. அங்கிருந்து, நேற்றிரவு வாழையை இழந்தவனின் குடிசை வரை அது வந்து சேர்வதற்கான பாதை இனிமேல்தான் வகுக்கப்பட வேண்டும்.