127 டிகிரியும் மூன்று அளவைகளும்

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு லினக்ஸ் கணினி. 'சென்சார்ஸ்' என்று தட்டினால் வரும் பட்டியலில் ஒரு வெப்பநிலை மட்டும் இரவு பகல் பாராமல் 127 டிகிரியிலேயே நிற்கும். புதிதாக வரும் மாணவர்கள் பதறிப்போவார்கள். குறியோடு எட்டு பிட்டில் எழுத முடிந்த மிகப் பெரிய எண் அது. மதர்போர்டைக் கண்காணிக்கும் சிப்பின் அந்தப் பின்னில் தெர்மிஸ்டரே இல்லையென்றாலும் சிப் தன்பாட்டுக்கு அளந்து ஓர் எண்ணைக் கொடுத்துவிடும்.

இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றை வேறொன்றாகக் காணும் திரிபுக் காட்சிக்கும் எதிரே ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டுமே! இங்கே அதுவும் இல்லை.

சாயங்காலம் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறவன் நான். நேரில் காணும் காட்சி, ஊகித்தறியும் கருதல், அறிந்தவர் சொல்லும் உரை என்று, அறியும் வழிகளான அளவைகள் மூன்று என்கிறது சித்தாந்த நூலான சிவஞான சித்தியார். பௌத்த தருக்கர்களுக்கு முதல் இரண்டே போதும். உரையைக் கருதலுக்குள் அடக்கிவிடுவார்கள். ஆய்வகத்தில் பாதி வேலைக்குப் பௌத்தர் வழியே போதுமானது. பிராசசருக்குக் கடும் வேலை கொடுத்தால் எந்த எண் ஏறுகிறதோ அது பிராசசருடையது. கேபினெட் ஃபேனின் கம்பியைக் கழற்றினால் எந்த வரி பூஜ்யமாகிறதோ அது அந்த ஃபேனுடையது. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வோல்ட்டேஜில்தான் சிக்கல். இந்த வகை சிப் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல்வரைதான் அளக்கும். அதனால் 12 வோல்ட்டை இரண்டு ரெசிஸ்டர்களால் பங்கிட்டுக் குறைத்து அனுப்புகிறார்கள். வந்த எண்ணை எத்தனையால் பெருக்குவது என்பது போர்டைச் செய்தவருக்குத்தான் தெரியும். அவர் வாய் திறப்பதில்லை. பலர் என்ன செய்கிறார்கள் என்றால், 12 வரும்வரை கான்ஃபிக் ஃபைலில் பெருக்கும் எண்ணை மாற்றிக்கொண்டே போகிறார்கள். தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு சாட்சியைக் கூப்பிடுகிற வேலை இது.

மல்ட்டிமீட்டரை 12 வோல்ட் வரும் மஞ்சள் கம்பியில் வைத்துப் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம், 11.9 வரும். ஆனால் சிப்பின் அந்த வோல்ட்டேஜ் பின் மஞ்சள் கம்பியைத்தான் அளக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. ஃபேனைக் கழற்றியதுபோல 12 வோல்ட்டை ஏற்றி இறக்கிச் சோதிக்கவும் முடியாது. ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகினாலே அது தர வரம்பை மீறியதாகிவிடும். ஒன்றோடு ஒன்று கூடி மாறுவதைப் பார்க்க வழியில்லாத இடத்தில் கருதல் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? கடைசியில் பயாஸ் திரையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அதை எழுதியவருக்கு ரெசிஸ்டர்களின் மதிப்பு தெரியும். அவர் காட்டும் எண் அவருடைய உரை. இந்த விஷயத்தில் நான் சித்தாந்திகள் பக்கம்.

உரை நேர்மையாக இருந்துவிட்டால் எவ்வளவு சௌகரியம்! ஏஎம்டி பிராசசர்களுக்கான கர்னல் டிரைவரின் ஆவணம், தான் காட்டும் 'டிசிடிஎல்' என்ற எண் எந்தப் பொருளின் உண்மையான வெப்பநிலையும் அல்ல என்று தானே சொல்லிவிடுகிறது.

127 டிகிரியைப் பட்டியலில் வராமல் செய்ய கான்ஃபிக் ஃபைலில் ஒரு 'இக்னோர்' வரி போதும். "மறைக்கிறது சரியா சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அந்த வரிக்கு மேலேயே ஒரு குறிப்பு எழுதச் சொன்னேன்: இந்தப் பின்னில் ஒன்றும் இல்லை என்பது எங்கள் ஊகம், போர்டு செய்தவர் சொன்னதல்ல.