பயனில்லா அறிவு உண்டோ?

வறியோர் மிகுந்த நாட்டில், உடனடிப் பயன் காட்டாத ஆராய்ச்சிக்குப் பொருள் செலவிடுதல் அறமாகுமா? இவ்வினாவை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் கல்வராயன் மலையை எண்ணிப் பாருங்கள். 2024 ஜூன் திங்களில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பின்னரே அம்மலை மக்களின் சாலை, மருத்துவம், கல்விக் குறைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது.

இதே தமிழகத்தில், சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கோட்பாட்டு இயற்பியலாளர் கணபதி பாஸ்கரன், பொருளுக்குள் எலெக்ட்ரான்கள் நடத்தும் கூட்டு வாழ்வை ஆராய்ந்து வந்திருக்கிறார். 1986இல் சுவிட்சர்லாந்தில் பெட்னோர்ஸ், முல்லர் என்னும் இருவர், செம்பு ஆக்சைடு வகைப் பொருளொன்று அதுவரை அறியப்படாத உயர்ந்த வெப்பநிலையிலேயே மின்தடையை இழப்பதைக் கண்டனர். காரணம் யாது? அண்டை அணுக்களின் எலெக்ட்ரான்கள் முன்னதாகவே இணை இணையாகப் பிணைந்துள்ளன. சில எலெக்ட்ரான்களை நீக்கி இடம் உண்டாக்கினால் அவ்விணைகள் தடையின்றி உலவுகின்றன. 1987இல் ஆண்டர்சன் முதலானோருடன் சேர்ந்து பாஸ்கரன் வளர்த்த கருத்து இதுவே. அதுவே முடிந்த முடிபு என்று அறிவுலகம் இன்னும் ஒருமனதாக ஏற்கவில்லை.

‘இதனால் மலையிலிருக்கும் ஏழைத் தாய்க்கு என்ன பயன்?’ என்று கேட்பார் உளர்.

வரலாறு ஒரு விடை தருகிறது. 1911இல் காமர்லிங் ஓன்னஸ் என்னும் டச்சு அறிஞர், கடுங்குளிரில் பாதரசம் மின்தடையை இழப்பதைக் கண்டார். குவாண்டம் இயங்கியலின் துணையால் அதற்குத் தக்க விளக்கம் கிடைத்தது 1957இல்தான். இன்று பெரும்பாலான எம்.ஆர்.ஐ. கருவிகளின் காந்தங்கள் அப்பண்பைக் கொண்டே இயங்குகின்றன. அன்று பயன் கேட்டு ஆய்வை நிறுத்தியிருந்தால், இன்று நோயாளிக்கு அக்கருவி ஏது?

ஆயினும் இவ்விடை மட்டும் போதாது. நாளைய பயனைக் காட்டி இன்றைய துயரைப் பொறுக்கச் சொல்லுதல் நீதியன்று. நாம் காண வேண்டியது வேறு. மலைக்குச் சாலையமைக்கப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. மெத்தனால் நஞ்சு என்பதும் நெடுநாளாக அறிந்த செய்தியே. அங்கே குறைந்திருப்பது அறிவன்று, நீதி. நீதியின் குறைக்கு அறிவைத் தண்டிப்பது முறையாகுமா?

அதனால் அறிஞர் பொறுப்பினின்று விடுபட்டார் என்பதன்று. அறிவு ஓர் அமானிதம். வறிய நாட்டு அறிஞர் தாய்நாட்டையும் ஆராய்ச்சியையும் ஒருங்கே காக்க வேண்டுமென்றே அப்துஸ் ஸலாம் 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் பன்னாட்டு ஆய்வு மையத்தை நிறுவினார். அத்தகைய வாயில் கல்வராயன் மலைச் சிறுமிக்கும் திறக்க வேண்டும். ‘அவர் ஏன் எலெக்ட்ரானை ஆராய்கிறார்?’ என்பதன்று நாம் எழுப்ப வேண்டிய வினா. ‘அச்சிறுமியால் ஏன் இன்னும் ஆராய முடியவில்லை?’ என்பதே.