மனுவில் சேராதது

தம்புச் செட்டித் தெருவில் என் நண்பனுக்கு ஓர் அறை இருக்கிறது. பி.ஏ. ஆங்கிலம் ஒன்றாகப் படித்தோம். அவன் சட்டத்துக்குப் போனான், நான் பாங்குக்கு. அவனிடம் வருவதெல்லாம் பெரும்பாலும் குடும்ப வழக்குகள். இலக்கியம் பேசப் போகிற நான், நாலைந்து வருஷமாக அவன் மனுக்களின் ஆங்கிலத்தையும் திருத்திக் கொடுக்கிறேன். முறையல்ல. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது மூன்றாம் ஆளுக்குப் போகக் கூடாது என்பது இருவருக்கும் தெரியும்.

நம் கதைகளில் வருகிற வக்கீல் அயோக்கியனாக இருப்பான், இல்லாவிட்டால் கூண்டுக்கு முன்னால் கை நீட்டிப் பேசும் நடிகனாக. நான் பார்த்த குடும்ப வக்கீல் எழுதுகிறவன். பிறத்தியார் வாழ்க்கையை எண்ணிட்ட பத்திகளாக எழுதுகிறவன். எனவே அவனைப் பற்றிய தார்மீகக் கேள்வியை எழுத்தைப் பற்றிய கேள்வியாகவே என்னால் பார்க்க முடிகிறது. ஒரு பத்தியை விடுவது எப்போது பொய்யாகிறது?

என் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஒரு பெண், தையல் தொழில், கணவனோடு சேர்ந்து வைத்திருந்த கணக்கைப் பிரிப்பது பற்றி விசாரிக்க வந்தாள். விஷயம் கணக்கு அல்ல என்று தெரிந்ததும் நண்பனிடம் அனுப்பினேன். அவள் சொன்னது இவ்வளவுதான்: "அஞ்சு வருஷமா என்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசலை சார். பையன்கிட்ட, 'அம்மாவைச் சோறு போடச் சொல்லு'ம்பாரு." இதை இடைவிடாத மனக்கொடுமை என்று கோர்ட்டு ஆங்கிலத்தில் ஆக்கியவன் நான். 'அவரோடு வாழ்வது தனக்குத் தீங்காகும் என்று மனுதாரருக்கு நியாயமான அச்சம்' என்ற வரி நண்பனின் சீனியர் விட்டுப்போன மாதிரி மனுவில் ஏற்கெனவே இருந்தது. 1976 திருத்தத்தோடு சட்டத்தை விட்டுப் போய்விட்ட வாசகம் அது. சட்டம் கைவிட்டதை நகல் கைவிடவில்லை. அவளுக்கு அச்சம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அலுப்பு இருந்தது. அலுப்புக்குப் பிரிவு கிடையாது.

இருவரும் கையெழுத்திட்டால் குற்றம் சொல்லத் தேவையில்லை. இந்து திருமணச் சட்டத்தில் அதற்கான 13-பி பிரிவும் 1976-இல் வந்ததே. கணவன் கையெழுத்திட மாட்டான் என்றால் குற்றம் சாட்டத்தான் வேண்டும். மணவாழ்வு மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்பதையே காரணமாக்கச் சட்டக் கமிஷன் 1978-இல் சொன்னது. ராஜ்ய சபை 2013-இல் மசோதாவை நிறைவேற்றியது, அது சட்டமாகவில்லை. 2023-இல் அரசியல் சாசன அமர்வு, உச்ச நீதிமன்றம் தன் விசேஷ அதிகாரத்தால் அப்படி விலக்கு அளிக்கலாம் என்றது. அந்த அதிகாரம் குடும்ப நீதிமன்றத்துக்கு இல்லை. தையல்காரப் பெண் டில்லிக்கா போவாள்? ஆக, பேசாதிருந்த மனிதனைக் கொடுமைக்காரனாக எழுதுவதைத் தவிர நண்பனுக்கு வழியில்லை.

மனுவை அவளுக்குத் தமிழில் படித்துக் காட்டியபோது நானும் இருந்தேன். முடித்ததும் ஒரு விஷயம் சேர்க்கச் சொன்னாள். பையனுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு ராத்திரியும் கணவன்தான் உட்கார்ந்திருந்தானாம். அப்போதும் பேசவில்லை, பெஞ்சைக் காட்டி அவளைப் படுக்கச் சொல்லிக் கை காட்டினானாம். "அதையும் எழுதுங்க சார். இல்லாட்டிப் பொய்யாயிடும்."

"அதை அவர் வக்கீல் குறுக்கு விசாரணையில கேட்பாரும்மா. கேட்டா மறைக்காம ஆமான்னு சொல்லுங்க" என்றான் நண்பன்.

இதைச் சாமர்த்தியம் என்று தள்ளிவிட முடியாது. தொழிலின் முழு நியாயமும் இதில் இருக்கிறது. உண்மையை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி கொடுத்திருக்கிறார்கள். நான் என் பாதியைச் சொல்கிறேன், மறுபாதிக்கு எதிரே ஒருவன் நிற்கிறான். அந்த நியாயத்தை நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் எதிரே யாரும் வரவில்லை. நோட்டீஸ் வாங்கிய கணவன் ஆஜராகவில்லை, வக்கீலும் வைக்கவில்லை. அங்கேயும் அவன் பேசவில்லை என்று சொல்லலாம். வழக்கு ஒருதலைப்பட்சமாக நடந்தது. எதிர்ப்பு இல்லாவிட்டாலும் நீதிபதி தாமே திருப்தியடைய வேண்டும் என்கிறது 23-ஆம் பிரிவு. எதைக்கொண்டு திருப்தியடைவது? முதல் விசாரணை இப்போதெல்லாம் பிரமாண வாக்குமூலமாகவே தாக்கலாகிறது. அதில் வரும் 'நான்' வக்கீல் எழுதிய நான். இந்த வழக்கில் பாதி நான் எழுதிய நான். நாலு ராத்திரிகள் எந்தக் காகிதத்திலும் இல்லை.

1984-இன் குடும்ப நீதிமன்றச் சட்டம் இதை உணர்ந்துதானோ என்னவோ, வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமையல்ல என்று 13-ஆம் பிரிவில் எழுதிவைத்தது. நீதிமன்றம் தேவையென்று கருதினால் தனக்கு உதவியாக ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். நண்பன் அனுமதி கேட்டுத்தான் ஆஜராகிறான். தன்னைச் சந்தேகிக்கிற சட்டத்துக்குள் தினமும் போய்வருகிறவனின் களைப்பு அவனிடம் உண்டு.

தீர்ப்புக்குப் பிறகு ஒருநாள் கேட்டேன். எதிர்த்தரப்பு நாற்காலி காலி என்று தெரிந்தபின் மறுபாதியை நீயே சொல்லியிருக்க வேண்டாமா?

"சொல்லியிருந்தா என்ன ஆகும் தெரியுமா? இவ்வளவு நல்ல மனுஷனோடவா வாழ முடியலைன்னு கவுன்சலிங்குக்கு அனுப்புவாங்க. ரெண்டு வருஷம். அவ மிஷினை விட்டுட்டு வாய்தாவுக்கு அலைவா. அதோட, நான் யாருக்குடா வக்கீல்?"

என்னிடம் பதில் இல்லை. அவன் விட்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். 'தொழில்' என்று ஒரே வார்த்தையில் அதை மூடிவிடுகிறானே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. அவள் 'பொய்யாயிடும்' என்றது சட்டம் தெரியாமல் சொன்னதல்ல. கோர்ட்டுக்கு வேண்டிய உண்மையும் தன்னோடு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய உண்மையும் வேறு வேறு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் இருவருக்கும் முதலாவதைத்தான் எழுத வந்தது.

சென்ற மாதம் கிளைக்கு வந்தாள். தன் பெயரில் தனியாக வைத்திருக்கும் கணக்கில் வாரிசு நியமனத்தை மாற்ற வேண்டும்: கணவனை எடுத்துவிட்டுப் பையன். தீர்ப்பு நகலை நீட்டினாள். இதற்கு அது வேண்டாம், கையெழுத்துப் போதும் என்றேன். பையன் மைனர் என்பதால் அவன் சார்பில் பணத்தை வாங்கிக்கொள்ள ஒருவரைக் குறிப்பிட வேண்டும். பெயர், வயது, விலாசம். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவன் பெயரை எழுதினாள். விலாசம் பழையதுதான், அங்கே இப்போது இருக்கிறாரா தெரியாது, பரவாயில்லையா என்று கேட்டாள். பரவாயில்லை என்று வாங்கி முத்திரை வைத்தேன்.